தொண்டை கட்டிய வேட்பாளர்

பாறசாலையில் எங்கள் பாசஞ்சர் ரயில் எதிர் வண்டிக்காகக் காத்து நிற்கிறது. பெட்டி நிறைய திருவனந்தபுரம் போகும் கல்லூரிப் பிள்ளைகள். நாளை அவர்களுக்கு யூனியன் தேர்தல்.

தலைவர் பதவிக்கு நிற்கும் சுஜின் ஓட்டுக் கேட்க எழுகிறான். வாயிலிருந்து வெறும் காற்றுதான் வருகிறது. ஒரு வாரமாக முழங்கியதில் தொண்டை கட்டிவிட்டது. எல்லோரும் சிரிக்க, அவன் முகம் சுண்டிப்போகிறது. அவனை எதிர்த்து நிற்கும் செலின், பொழியூர்க் கடற்கரைப் பெண், எழுந்து அவன் பக்கத்தில் போய் நிற்கிறாள்.

"அவன் சொல்ல வந்தத நான் சொல்லுதேன். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆக்கும்."

விடுதிச் சோறு, நூலக நேரம் என்று ஒன்று விடாமல் சொல்கிறாள். 'செலினுக்கு அனுபவம் போராது' என்று அவன் வழக்கமாகச் சொல்வதையும் விடவில்லை. சுஜினே சிரித்துவிடுகிறான். "இனி எனக்க பதில்" என்று அவள் தொடங்கும்போது பெட்டியே கைதட்டுகிறது.

என்னருகில் பக்கத்து ஊரான காரோட்டைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் மீன்கூடையோடு இருக்கிறார். "உங்களுக்கு ஓட்டு இருந்தா யாருக்குப் போடுவீங்க?" என்று கேட்கிறேன்.

"ஓட்டு கெடக்கட்டு. இப்ப ஊர்க்கூட்டத்துல எழும்பிக் கேட்டாத்தான் தண்ணிக் குழாய் கிட்டும். எங்களுக்கு அங்க நாக்கு எழும்பாது." செலினைக் கைகாட்டிக் கூப்பிடுகிறார். "மக்கா, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல எங்களுக்காகப் பேச எங்க ஊருக்கு வருவியா?"

விஷயத்தைக் கேட்டதும், "வாறேன் மாமி" என்கிறாள் செலின். பிறகு சுஜினிடம், "எலே, தோத்தாலும் ஜெயிச்சாலும் நீயும் வரணும்."

அவன் ஏதோ சொல்ல வாய் திறக்கிறான். சத்தம் இல்லை.

"வருவானாம்" என்று செலினே சொல்லிவிடுகிறாள்.