முதலில் யாரிடம் ஓடினார்

என் இடது கெண்டைக்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. துப்பாக்கிக் குண்டு பட்டது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. வீடு மந்தைவெளியில், அடையாறில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். குண்டு படுகிற மாதிரியான வாழ்க்கை இல்லை என்னுடையது. ஆனாலும் பட்டது. அன்றைக்கு நான் அந்த இடத்துக்குப் போனதற்கு ஒரே காரணம் பொறாமை.

என் கணவருக்கு நாற்பத்தைந்து வயதில் ரத்த அழுத்தம் வந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். கொஞ்ச நாள் நடந்தார். பிறகு அலுவலக நண்பர் கூப்பிட்டார் என்று துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் சேர்ந்தார். அசையாமல் நின்று, மூச்சை அடக்கிச் சுடும்போது மனசும் அடங்குகிறது என்றார். நானும் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் குடும்பம். கல்லூரியில் என்.சி.சி.யில் சுடப் பழகி, மாநிலப் போட்டிவரை போனவள். இருபத்து நான்கு வயது. இவரும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பயிற்சி செய்வார்கள். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அவள் பேச்சு வராத நாளே இல்லை என்றாகிவிட்டது.

"இன்னிக்கு அவ மூச்சைப் புடிச்சு நின்னதைப் பார்க்கணும் நீ. சிலை மாதிரி நின்னா" என்பார். நான் பரிமாறிக்கொண்டிருப்பேன். "உங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டு வைக்கவா" என்று கேட்டால் "ம்" என்பார்.

அவர்களுக்குள் தப்பாக ஏதோ நடக்கிறது என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும், சண்டை போட்டிருக்கலாம். இதற்கு என்ன சண்டை போடுவது? அவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பேச்சு இருந்தது. அவள் போன் செய்தால் அவர் பால்கனிக்குப் போய், பிடி, பார்வை, மூச்சு என்று பேசுவார். அந்தக் குரலில் ஒரு உற்சாகம் இருக்கும். அந்தக் குரலை நான் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்துக்கொண்டே பாத்திரம் தேய்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் உறுப்பினர்களுக்குள் ஒரு போட்டி வைத்தார்கள். குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். நானும் வருகிறேன் என்று புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"நீயா? உனக்கு போரடிக்குமே" என்றார்.

"பரவாயில்லை. ஒரு நாள் பார்க்கறேனே."

அவளைப் பார்க்கத்தான் போனேன். ஒல்லியாக, கறுப்பாக, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடையோடு இருந்தாள். "வாங்கக்கா" என்று ஓடி வந்து எனக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவள் நல்ல பெண்ணாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

சுடுகிறவர்கள் ஒரு வரிசையாக எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். நாங்கள் பின்னால், காதுகளை மூடும் பட்டைகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் இலக்கு அட்டைகளைப் பார்க்கவில்லை. அவர்கள் இருவரின் முதுகையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு முறை சுட்டாள். மூன்றாவது முறை துப்பாக்கி சுடவில்லை. அவள் அதன் மேல்பகுதியை இழுத்து விட்டாள். பிறகு துப்பாக்கியைக் கையில் வைத்தபடியே, என்ன ஆயிற்று என்று கேட்பதற்காக, என் கணவர் பக்கம் திரும்பினாள்.

யாரோ காலில் ஓங்கி உதைத்த மாதிரி இருந்தது. நாற்காலியோடு சரிந்துவிட்டேன். காதுப் பட்டை கழன்று விழுந்தது. குண்டு சிமெண்டுத் தரையில் பட்டுத் தெறித்து என் காலில் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்ததுதான். அப்போது தெரிந்தது புடவைக்குள் ஏதோ சூடாக வழிவது மட்டும். வலிகூட இல்லை. நான் அவரைப் பார்த்துக் கையை நீட்டினேன்.

அவர் தன் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு ஓடினார். என்னிடம் இல்லை, அவளிடம்.

அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா. நான் புடிச்சிருக்கேன். மெதுவா விடு. விட்டுடு" என்றார். குழந்தையிடம் பேசுகிற மாதிரி அவ்வளவு மெதுவான குரல். அவள் பிடியை விட்டதும் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார். அதற்குள் வேறு யாரோ என் காலில் துண்டை இறுக்கிக் கட்டிவிட்டிருந்தார்கள்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் குண்டை எடுத்தார்கள். புளியங்கொட்டை அளவுக்கு நசுங்கிய ஈயம். எலும்பில் படவில்லை, நரம்பில் படவில்லை, பிழைத்தீர்கள் என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். கண்ணை மூடினால் அந்த இரண்டு கைகள்தான் தெரிந்தன.

மறுநாள் போலீஸிலிருந்து ஒரு எஸ்.ஐ. வந்தார்.

"அந்தப் பொண்ணு மேல ஏதாவது சந்தேகம் இருக்காம்மா? வேணும்னு பண்ணிருக்கும்னு நினைக்கறீங்களா?"

என் கணவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் இனிமேல் துப்பாக்கியைத் தொடவே முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த நினைப்பை ஒரு மிட்டாய் மாதிரி கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

"இல்ல சார். தெரியாம நடந்தது" என்றேன். பெருந்தன்மையால் இல்லை. அவருக்கு முன்னால் சின்னவளாகிவிடக் கூடாது என்றுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் எல்லா வேலையும் செய்தார். காபி போட்டார், காலுக்குக் கட்டு மாற்றினார், குளிக்க வெந்நீர் விளாவினார். நான் எதற்கும் நன்றி சொல்லவில்லை. முகம் கொடுத்தும் பேசவில்லை. வலியால் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் அவர் அலுவலகம் போயிருந்தபோது அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். அம்மா தூக்குச்சட்டியில் சுறாப்புட்டு கொண்டுவந்திருந்தார்.

"இன்னாம்மா, காலு எப்டி கீது? இத்த துன்னு, புண்ணு சீக்கிரம் ஆறிடும்" என்று சட்டியை மேசைமேல் வைத்தார். "எம்பொண்ணு செத்த பொணமாட்டம் கீதும்மா. சோறு எறங்கல. வூட்ல யாராண்டயும் பேசறதில்ல. நீ ஒரு வார்த்த சொல்லு."

பெண் வாசல் பக்கத்திலேயே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நகங்களையெல்லாம் கடித்துக் கடித்து விரல் நுனிகள் சிவந்திருந்தன.

"நான் இனிமே சுடமாட்டேன்க்கா" என்றாள்.

நல்லது என்று மனசு சொன்னது. குனிந்து காலின் கட்டைச் சரிசெய்தேன். அவர்கள் போன பிறகு சுறாப்புட்டை எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். ரொம்ப நன்றாக இருந்தது. அதற்கும் எரிச்சல் வந்தது.

கிளப்பில் அவளை மூன்று மாதம் வரக் கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். உறுப்பினர்கள் எல்லோரும், கூட வருகிற குடும்பத்தாரும், பாதுகாப்பு வகுப்பு ஒன்றில் கட்டாயம் உட்கார வேண்டும் என்றார்கள். நான் ஊன்றுகோலோடு போனேன். என்னைக் கட்டாயப்படுத்த யாருக்கும் தைரியம் இல்லை. ஆனால் அவரும் அவளும் பேசுகிற பேச்சு எனக்கும் புரிய வேண்டும் என்று ஒரு வீம்பு.

வகுப்பு எடுத்தவர் கிளப்பின் செயலாளர். பல் டாக்டர். எந்தத் துப்பாக்கியையும் குண்டு இருப்பதாகவே நினைத்துக் கையாள வேண்டும், காலியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நாமே திறந்து பார்க்க வேண்டும் என்றார். சுட விரும்பாத எதையும் நோக்கிக் குழல் திரும்பக் கூடாது, குறி பார்க்கும்வரை விரல் விசைமேல் போகக் கூடாது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்றார். சுடாமல் போன துப்பாக்கியை இலக்குப் பக்கமே பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து கையைத் தூக்கி ஆளைக் கூப்பிட வேண்டுமாம். அவள் செய்யத் தவறியது அதுதான். என் ஆய்வுக்கூடத்தில் அமிலத்தைப் பற்றி நான் வருடா வருடம் சொல்வதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். மாணவர்கள் ஏன் கொட்டாவி விடுகிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

பிறகு அவர் கேட்டார். "ஒருத்தர் மேல குண்டு பட்டுடுச்சு. நீங்க முதல்ல யார்கிட்ட ஓடுவீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அடிபட்டவங்ககிட்ட" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"இல்லம்மா. துப்பாக்கிகிட்ட. அது இன்னும் நடுங்கற கையில இருக்கு. அன்னிக்கு அதுக்குள்ள இன்னொரு குண்டு இருந்துச்சு. அந்தப் பொண்ணு பதறிப்போய் உங்க பக்கம் திரும்பி ஓடி வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? முதல்ல குழலை இலக்குப் பக்கம் திருப்பணும், காலி பண்ணணும், கீழ வைக்கணும். அப்புறம்தான் அடிபட்டவங்க. அதுவும் கத்தக் கூடாது. கத்தினா அந்தக் கை இன்னும் இறுகும். மெதுவாத்தான் பேசணும்."

நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன். "இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? நீ ரத்தம் சொட்டச் சொட்டக் கிடந்துட்டு வந்திருக்கே. உன்கிட்ட ரூல் பேசவா?"

"நான் கையை நீட்டினேன். பார்த்தீங்களா?"

"பார்க்கலை. எனக்கு துப்பாக்கி மட்டும்தான் தெரிஞ்சுது. நீயும் தெரியலை, அவளும் தெரியலை."

வண்டி லஸ் திருப்பத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. எனக்கு இன்னொன்று பாக்கி இருந்தது.

"முதுகைத் தட்டிக் குடுத்தீங்களே. அது எந்த ரூல்?"

"அது ரூல் இல்லை" என்றார். "பாவமா இருந்துச்சு."

வேறு ஏதாவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். வலித்தது. ஆனால் பல நாளுக்குப் பிறகு அன்றைக்கு ராத்திரி நானாகவே அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பள்ளியில் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

கால் சரியான பிறகு நானும் அந்தக் கிளப்பில் சேர்ந்தேன். காற்றுத் துப்பாக்கியில்தான் ஆரம்பம். முதல் நாள் பக்கத்தில் யாரோ சுட்ட வெடிச்சத்தம் கேட்டதும் கெண்டைக்கால் தானாகத் துடித்தது. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். விட்டுவிடு என்றார் அவர். விடவில்லை. எனக்குத் துப்பாக்கிமேல் ஆசை ஒன்றும் இல்லை. அவள் திரும்பி வந்ததும் அவர்கள் இருவர் மட்டும் அங்கே நிற்பார்கள் என்பதுதான் ஆகவில்லை.

மூன்று மாதம் முடிந்தும் அந்தப் பெண் வரவில்லை. இவரும் செயலாளரும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் நான் போன் செய்தேன். ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கடித்த நகங்கள் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தன. தவிர, அவள் வராமலே போனால் அவருடைய மனசில் என்றைக்கும் பாவப்பட்ட பெண்ணாகவே இருந்துவிடுவாள். அது இன்னும் மோசம் என்று பட்டது.

வந்தாள். துப்பாக்கியைத் தூக்க அவளால் முடியவில்லை. "அக்கா, நீங்க பக்கத்துல நில்லுங்க" என்றாள். என் கணவர் ஒரு அடி முன்னால் வந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் துப்பாக்கியைத் திறந்து காட்டினாள். குனிந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று நானே பார்த்துச் சொன்னேன். பிறகு அவள் ஒரே ஒரு குண்டைப் போட்டாள். வெகுநேரம் நின்றாள். சுட்டாள். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள்.

அட்டை வந்தது. நட்டநடுவில் ஓட்டை. மூன்று மாதத்துக்கும் மேல் தொடாமல் இருந்துவிட்டு வந்தவள். வாரா வாரம் வந்து சுடும் எனக்கு இதுவரை ஒருமுறைகூட அங்கே பட்டதில்லை. வயிறு எரிந்தது. அட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு, எப்படி நிற்பது என்று எனக்கும் கொஞ்சம் சொல்லித்தரச் சொன்னேன்.