சாலமோன் சார் மொழிபெயர்த்த நாற்பது நாள்

இரும்புலியூரில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் நடக்கிற சபையில், வெளியூர் ஊழியக்காரர்கள் ஆங்கிலத்தில் பிரசங்கித்தால் அதைத் தமிழில் சொல்வது சாலமோன் சார்தான். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். பிரசங்கியாருக்கு அரை அடி பின்னால் நின்றுகொண்டு, அவர் கை உயர்த்தினால் தானும் உயர்த்தி, அவர் குரல் இறங்கினால் தானும் இறங்கி, இரண்டு பேர் பேசுகிறார்கள் என்பதே தெரியாமல் செய்வார். அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. தன் பிரசங்கம் என்று அவர் எதையும் சொன்னதில்லை. அதனால் அந்தப் பெருமை பாவமாகாது என்று நினைத்திருந்தார்.

பிரதர் ஜோனத்தான் பெங்களூரிலிருந்து வர ஆரம்பித்தது மூன்று வருடங்களுக்கு முன்பு. கடைசிக் காலம் பற்றித்தான் அவர் பேசுவார். யுத்தம், பூமியதிர்ச்சி, செய்தித்தாளில் வந்த எதுவானாலும் வேதத்தில் ஓர் இடம் காட்டுவார். முதல் கூட்டத்தில் அவர், "ஐ ஃபீல் இன் மை ஸ்பிரிட்" என்றபோது சாலமோன், "என் ஆவியில் எனக்குத் தோன்றுகிறது" என்றார். கூடம் அமைதியாக இருந்தது. இரண்டாவது முறை அதே வாக்கியம் வந்தபோது, யோசிக்காமல், "கர்த்தர் சொல்லுகிறார்" என்று வந்துவிட்டது. இருநூறு பேரும் ஆமென் என்றார்கள். தகரக் கூரை அதிர்ந்தது.

கூட்டம் முடிந்ததும் ஜோனத்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பிரதர், இன்னிக்கு உங்க மேல நல்ல அபிஷேகம்" என்றார். நல்ல தமிழ். ஓசூரில் வளர்ந்தவராம். மேடையில் ஏன் ஆங்கிலம் என்று சாலமோனுக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

போன வருடம் செப்டம்பரில் அந்த நாற்பது நாள் உபவாசக் கூட்டம் தொடங்கியது. அக்டோபர் முடிவதற்குள் இயேசு வந்து சபையைப் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்வார், அவருடைய மணவாட்டியான சபை ஆயத்தமாக வேண்டும், விசுவாசியாத சொந்தபந்தங்களை விட்டுப் பிரிந்திருக்க வேண்டும், போனை அணைத்து வைக்க வேண்டும். தமிழில் கேட்டவர்கள் கேட்டது இதுதான்.

வீட்டில் அவர் மனைவி பியூலா ஒத்துக்கொள்ளவில்லை. "நாளும் நேரமும் யாருக்கும் தெரியாதுன்னு சண்டே ஸ்கூல் பிள்ளைக்கே தெரியும். நீங்க எப்படி அதை மைக்ல சொல்றீங்க?"

"நானா சொல்றேன்? அவர் சொல்றார். நான் டிரான்ஸ்லேட் பண்றேன், அவ்வளவுதான்."

அந்தக் கூட்டங்களுக்கு ஒரு நாள் விடாமல் வந்தவர்களில் கீதாவும் ஒருத்தி. பீர்க்கன்கரணையில் தனியாகக் குடியிருந்தாள். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கல்லூரியில் படிக்கும்போது ஞானஸ்நானம் எடுத்தவள். அவளுடைய அப்பா தட்சிணாமூர்த்தி கூடுவாஞ்சேரிக்காரர். முதலில் இரண்டு வருடம் மகளோடு பேசாமல் இருந்து, பிறகு தானாகவே இறங்கி வந்தவர். தினமும் காலை ஏழு மணிக்குப் போன் செய்து, "சாப்ட்டியாம்மா?" என்பார். மழை நாளில் அவரே ஸ்கூட்டியில் கொண்டுவந்து சபை வாசலில் இறக்கிவிட்டதும் உண்டு. உள்ளே மட்டும் வரமாட்டார்.

நாற்பது நாள் தொடங்கியதும் கீதா போனை அணைத்து வைத்தாள். முப்பத்தோராம் நாள் அவளுடைய அண்ணன் சூர்யா நேரில் வந்தான். அவள் கேட்டைத் திறக்காமல் கம்பிக்கு உள்ளே நின்றாள்.

"அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரில இருக்காரு. உன் பேரைத்தான் சொல்லிகினு இருக்காரு. வா, வண்டில ஏறு."

"ஒன்பது நாள்தான் அண்ணா இருக்கு. நான் இப்ப வெளிய வரக்கூடாது. இங்கிருந்தே ஜெபம் பண்றேன்."

சூர்யா வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் விடிகாலையில் அப்பா இறந்தார். அதைச் சொல்ல அவன் மறுபடி வரவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்தது. இறுதிச் சடங்குக்கும் அவள் போகவில்லை.

அக்டோபர் முடிந்தது. நவம்பர் ஒன்றாம் தேதி ஜி.எஸ்.டி. ரோட்டில் வழக்கம்போல் பஸ் ஓடியது. சபையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஜோனத்தான் ஒரு வீடியோ போட்டார். தான் தேதி எதுவும் சொல்லவில்லை என்றும், குடும்பத்தைப் பிரியச் சொல்லவில்லை என்றும், மொழிபெயர்ப்பில் நடந்த தவறுக்கு வருந்துவதாகவும் அதில் பேசியிருந்தார்.

"பச்சைப் பொய்" என்றார் சாலமோன். சபைக்காரர்கள் எடுத்த பதிவுகள் எல்லாம் இருந்தன. ஜோனத்தானின் பொய்யை நிரூபித்துவிட வேண்டும் என்று ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆங்கிலத்தை ஒரு பக்கம், தான் சொன்னதை எதிர்ப்பக்கம் எழுதினார். மூன்று நாள் எழுதினார்.

ஜோனத்தான், "இட் மே பி திஸ் அக்டோபர்" என்றிருந்தார். எதிர்ப்பக்கத்தில், "இந்த அக்டோபருக்குள் நடக்கும்." ஜோனத்தான், "கீப் யுவர் ஹார்ட்ஸ் செபரேட்" என்று, உள்ளத்தைத் தனியே காத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். எதிர்ப்பக்கத்தில், "விசுவாசியாதவர்களை விட்டுப் பிரிந்திருங்கள்." இப்படிப் பதினெட்டுப் பக்கம். 'இருக்கலாம்' என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்திருக்கவில்லை.

பியூலா நோட்டைப் படித்துவிட்டு, "அவருக்குத் தமிழ் தெரியும்தானே? பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுதானே இருந்தார்?" என்றாள்.

"தெரியும்."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சிருக்கீங்க."

சாலமோன் நோட்டை மூடி வைத்தார். அவர் அறிந்த மட்டும் கள்ளப் போதகம் என்றால் வெளியிலிருந்து வருவது. யாராவது கொண்டுவருவது. அதைச் சோதித்தறிய வேண்டும் என்று எத்தனையோ பிரசங்கங்களை அவரே தமிழ்ப்படுத்தியிருக்கிறார்.

சபையில் எழுந்து நின்று இதைச் சொல்ல அனுமதி கேட்டார். போதகர் தேவானந்தம் நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஜனங்க இப்பதான் கொஞ்சம் அமைதியா இருக்காங்க சார். கிளறாதீங்க. ஆண்டவர்கிட்ட சொல்லிட்டீங்கள்ல, போதும்."

அவருக்குப் போதவில்லை. ஒரு சனிக்கிழமை காலை பீர்க்கன்கரணைக்குப் போனார். கீதா நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தாள். அவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஜோனத்தான் சொன்னது 'இருக்கலாம்' என்று, நான் சொன்னது 'நடக்கும்' என்று. பிரிந்திருக்கச் சொன்னது அவரில்லை, நான்தான் என்று.

கீதா மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா கூப்பிட்டும் நான் போகல சார். கர்த்தர் சொன்னாரு, கீழ்ப்படிஞ்சேன்னு நினைச்சிட்டிருந்தேன். தேதி தப்பாப் போனாக்கூட, நான் கீழ்ப்படிஞ்சேன்ல, அது ஒண்ணு இருந்துச்சு. இப்ப நீங்க வந்து, அது நீங்க சொன்னதுன்னா... நான் யாருக்குக் கீழ்ப்படிஞ்சேன்?"

"என்னை மன்னிச்சிடும்மா."

"மன்னிக்கறேன் சார். ஆனா நீங்க இதைச் சொல்லாமயே இருந்திருக்கலாம்."

அதற்குப் பிறகு அவள் சபைக்கு வரவில்லை. சாலமோனும் போவதை நிறுத்திவிட்டார். தாம்பரத்தில் பெற்றோர் போய்வந்த பழைய தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவார். பாட்டு வந்தால் வாயசைப்பார். மாடிச் சபையில் இப்போது எபி என்ற கல்லூரிப் பையன் மொழிபெயர்க்கிறான். ஜோனத்தான் மறுபடி வருகிறார். இந்த முறை நாள் குறித்திருப்பது அடுத்த ஈஸ்டருக்கு என்று கேள்வி.

இந்த வருடம் ஆகஸ்டில் கீதா அவருக்குப் போன் செய்தாள். "அண்ணன் வீட்டுக்குப் போறேன் சார். நான் சொன்னா நம்பமாட்டான். நீங்க வந்து சொல்றீங்களா?"

இருவரும் கூடுவாஞ்சேரிக்குப் போனார்கள். சாலமோன் சொன்னதைச் சூர்யா வாசல்படியில் நின்றபடியே கேட்டான். சாலமோன் நோட்டை நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"சரி சார், நீங்கதான் சொன்னீங்க. ஒத்துக்கறேன். ஆனா அன்னிக்கு கேட்டாண்ட வந்து நின்னது நானு. உள்ள நின்னது அவ. அங்க நீங்க இல்லியே" என்றான். தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். சத்தமில்லாமல்தான் சாத்தினான்.

ஸ்டேஷனில் இருபது நிமிடம் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். எதிர் பிளாட்பாரத்தில் செங்கல்பட்டு வண்டி வந்து போனது.

"அக்டோபர்ல அப்பாவுக்கு வருஷத் திதி. அன்னிக்கு உள்ள வரலாமான்னு அண்ணன்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பார்க்கணும்" என்றாள் கீதா.

"நானும் வரட்டுமாம்மா?"

"வேணாம் சார். நான் மட்டும் போறேன்."

வண்டி வந்ததும் அவள் பெண்கள் பெட்டியில் ஏறினாள். சாலமோன் அடுத்த பெட்டியில், இடம் காலியாக இருந்தும், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே தாம்பரம் வந்து சேர்ந்தார்.