தொட்டிச் சுவரின் வியர்வை

ஒல்லாந்தர் கோட்டையில் துபாஷியாக இருந்த காலத்தில், அடுத்தவர் பேச்சை மூன்று மொழிகளில் புரிந்துகொள்வதுதான் என் பிழைப்பு. என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி என்ன சொல்கிறது என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

பழவேற்காட்டில் எங்கே தோண்டினாலும் உப்பு. எங்கள் கொல்லைக் கிணறு பாத்திரம் கழுவத்தான் ஆகும். அதனால் கோட்டைக்குள் பார்த்ததைப் போல, கூரையில் விழும் மழையைச் சேர்க்க மூடி போட்ட செங்கல் தொட்டி ஒன்று கட்டியிருந்தேன். கார்த்திகையில் நிரம்பினால் ஆடி வரை வரும். அந்த வருஷம் மாசியிலேயே இறங்கத் தொடங்கிவிட்டது. மாலையில் கோலை விட்டுக் கரிக்கோடு போட்டால், யாரும் மொள்ளாமலே காலையில் இரண்டு விரற்கடை குறைந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பார்க்க வந்த சம்பந்தியம்மாள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாத வீட்டில் மருமகளை விடமுடியாது, அமாவாசைக்கு வந்து பார்த்து, இப்படியே இருந்தால் தங்கள் ஊரான திருப்பாலைவனத்துக்கு அழைத்துப்போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நிறைமாதம், மாட்டுவண்டி, குண்டும் குழியுமான அந்தப் பாதை. வண்டி மறைந்ததும் மகள் சொன்னாள்: "நைனா, எப்டியாவது அடைச்சுடு."

வடக்குச் சுவரில், போன வருஷம் ஒரு கீறலுக்கு நானே பூசிய இடத்தில், ஈரம் தெரிந்தது. கட்டடக்கலை ஏடு ஒன்றைப் புரட்டி, சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று அளவு பார்த்து, சாந்து குழைத்துப் பூசினேன். மறுநாள் காலையில் பூசிய இடம் முழுக்க ஈரம். மேலே இன்னொரு பூச்சு, ஈரமும் அகலமானது. நான்காம் பூச்சில் சுவருக்கு என்னைப் போலவே தொப்பை விழுந்துவிட்டது. தண்ணீரோ தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு நண்டு கொண்டுவரும் செம்படவப் பெண் ஒருத்தி உண்டு. மற்ற நேரத்தில் ஏரியில் சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுடும் காளவாய்க்குச் சுமப்பவள். கூடையை இறக்கிவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

"இன்னா துபாஷியாரே, உள்ள பொண்ணு மாசமாக்கீது. வெளிய செவுருமா?"

ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். எந்தத் தண்ணீரில் குழைத்தேன் என்று கேட்டாள். நல்ல தண்ணீரை மிச்சப்படுத்தக் கிணற்று நீரில்தான் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அதான் உப்பு. கடக்காத்து பட்டா ஈரத்த இஸ்துக்கும். இது ஒழுகல, வேர்க்குது."

ஐந்து நாட்களாக ஒரு சுவரின் வியர்வைக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

பிறகு அவள் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. தொட்டியைச் சுற்றிக் குனிந்தபடி நடந்தாள். நாலு அடிக்கு ஒருமுறை விரலால் தோண்டி, அடிமணலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினாள். உப்பு. மறுபடி உப்பு. துணி துவைக்கும் கல்லுக்கு அருகே வந்ததும் துப்பாமல் நின்றாள்.

"நல்ல தண்ணி," என்றாள் மெதுவாக.

நானும் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தேன். எனக்கு மணல் மணலாகத்தான் இருந்தது. அவளோ அந்த இடத்திலிருந்து சாண் சாணாக ருசி பார்த்துக்கொண்டே தொட்டியை நோக்கித் திரும்பினாள். ஊரே உப்பின்மேல் உட்கார்ந்திருக்க, அதற்குள் நூல் போல ஓடிய இனிப்பைக் கை பிடித்து அழைத்து வருவதுபோல வந்தாள். தெற்கு மூலையில் விரலை ஊன்றி, தோண்டச் சொன்னாள். முழ ஆழத்தில், அடிச்செங்கல் சந்தில், மயிரிழை அளவு வெடிப்பு. அதன் வாயில் ஒரு துளி தேங்கி, பளபளத்து, மணலுக்குள் போனது. இன்னொரு துளி வந்தது. பெரிய பெரிய கப்பல்கள் வந்து நின்றபோதுகூட நான் அப்படி வாய் பிளந்ததில்லை.

தண்ணீரைப் பானைகளுக்கு மாற்றினோம். அவள் சிப்பிகளை நல்ல தண்ணீரில் கழுவிச் சுட்டுக் கொண்டுவந்து, நல்ல தண்ணீரிலேயே சாந்து குழைத்தாள். ஒவ்வொரு செம்புக்கும் நான் முனகினேன். படகுப் பலகை இடுக்கை அடைப்பதுபோல் உள்ளிருந்து தேங்காய் நாரோடு சேர்த்துத் திணித்தாள். நாலு நாள் ஈரத்துணி போட்டு வைத்துப் பிறகு நிரப்பினோம்.

அமாவாசையன்று சம்பந்தியம்மாள் வந்து, முதலில் வடக்குச் சுவரைத்தான் பார்த்தார். ஒழுகுகிறதே என்றார். நான் விரலால் தொட்டு நக்கிவிட்டு, இது வியர்வைதான் என்றேன். பெண் எடுத்த இடத்தைப் பற்றி அவருக்கு அப்போதுதான் முதல் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கோலைத் தாமே வாங்கி விட்டுப் பார்த்தார். முந்தின மாலை போட்ட கோட்டிலேயே தண்ணீர் நின்றது.

மகளை ஒருமுறை பார்த்தார். உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் செம்பை நீட்டினார்.

"இன்னொண்ணு குடுங்க. நல்லாக்கீது."