சேற்றில் பிடித்த நங்கூரம்

கயல், தர்ஷன், இது உங்கள் இருவருக்கும் அப்பா எழுதுவது. நம் கோயில் மலரில் வருவதால் மற்ற அடியார்களும் படிக்கட்டும்.

போன ஆவணியில் ஒரு ஞாயிறு, கடலிலிருந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். "என்னப்பா, மீனுக்கெல்லாம் லீவா?" என்று நீதான் கேட்டாய், கயல். நானும் சிரித்துவிட்டுக் குளிக்கப் போனேன். அன்று மதியம், இனி உங்களைப் பார்ப்பேனா என்று தவித்தது உங்களுக்குத் தெரியாது.

நானும் சேகர் மாமாவும் கிள்ளான் பக்கத்துப் படகுத்துறை ஜெட்டியில் வாடகைப் படகு எடுத்து, கெத்தாம் தீவைச் சுற்றித் தூண்டில் போடப் போயிருந்தோம். படகோட்டி பாங் லான் மலாய்க்காரர். தோட்டத்தில் நம் ஆட்களோடு வளர்ந்ததால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். கப்பல் பாதைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டோம். காலா மீன் நன்றாகக் கடித்தது. மீன் சாகாமலிருக்க, சேகர் மாமா அவற்றை வலைப்பையில் போட்டுப் படகின் பின்னால் தண்ணீரில் தொங்கவிட்டிருந்தார்.

மேற்கே வானம் கறுத்தது.

"போதும், தூண்டில எடுங்க. சுமத்ரா காத்து வருது," என்றார் பாங் லான்.

அவசரமாகத் தூண்டில்களைச் சுருட்டினோம். நங்கூரத்தை ஏற்றினோம். வலைப்பையை மூவருமே மறந்தோம். இஞ்சின் கிளம்பியதும் பை அதன் விசிறிக்குள் இழுபட்டுச் சுற்றிக்கொண்டது. இஞ்சின் நின்றுவிட்டது.

அதற்குள் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. இஞ்சினைத் தூக்கி வலையை அறுக்க அலை விடவில்லை. நீரோட்டம் எங்களைக் கப்பல் பாதைக்குள் தள்ளியது. பாங் லான் மறுபடி நங்கூரத்தை எறிந்தார். கீழே வெறும் சேறு, பிடிக்கவில்லை. மழைக்குள் ஒரு கப்பலின் ஹாரன் கேட்டது. அடுத்த தடவை இன்னும் பக்கத்தில் கேட்டது.

சேகர் மாமா படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பாங் லான் கயிற்றைப் பிடித்தபடி அவருடைய துவாவை முணுமுணுத்தார். என் காலடியில் இரை வாளி. உயிர் இறால்களுக்குக் காற்று விடும் சின்ன பம்ப் மட்டும் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கண்ணை மூடினேன்.

"முருகா, மீன் கேட்டு வந்தேன். மீன் வேண்டாம். என் பிள்ளைங்ககிட்ட என்னைக் கொண்டு போய்ச் சேர்த்துடு."

படகு ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. கயிறு விறைத்தது. நங்கூரம் எதிலோ பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில், நாங்கள் மிதந்து போயிருக்க வேண்டிய இடத்தை ஒரு சரக்குக் கப்பல் கடந்து போனது. மழையில் அதன் பக்கம் மட்டும் தெரிந்தது, முடியவே முடியாத சுவர் போல.

மழை விட்டதும் பாங் லான் வலையை அறுத்தெடுத்தார்.

"மச்சான், மீன் மொத்தமும் போச்சு," என்றார் சேகர் மாமா.

"இன்னிக்கு மீன் உன்னைச் சாப்பிடல. சந்தோசப்படுலா," என்றார் பாங் லான்.

நங்கூரத்தை மூவரும் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. கயிற்றை அறுத்துவிட்டோம்.

"இங்க பாறையே கிடையாது தம்பி. எதுல மாட்டுச்சுன்னு மேல இருக்கிறவனுக்குத்தான் தெரியும்," என்றார் பாங் லான்.

எனக்குத் தெரியும், பிள்ளைகளே. யாரைக் கூப்பிட்டேனோ அவன் பிடித்தான்.

இப்போதும் கடலுக்குப் போகிறேன், பயமில்லை. இஞ்சினைத் தொடுமுன் பாங் லான் "பின்னாடி?" என்று கேட்பார். ஒருவர் எட்டிப் பார்த்து "காலி" என்போம். முருகன் இருக்கிறான் என்று வலையை மறக்கக் கூடாது. பார்க்க வேண்டியதைப் பாருங்கள். கை எட்டாத இடத்தில் அவனைக் கூப்பிடுங்கள். வெட்கப்படாமல் சத்தமாகவே கூப்பிடுங்கள். படிக்கும் உங்கள் எல்லோருக்கும் இதையே சொல்கிறேன்.

அன்று கரைக்கு வந்ததும் சேகர் மாமா காரை எடுக்கப் போனார், பாங் லான் தொழப் போனார். மீந்த இறாலை எப்போதும் வீட்டுக்குக் கொண்டு வருவேன், அம்மா பொரிப்பாள். அன்று ஜெட்டியின் கடைசிப் படி வரை இறங்கினேன். வாளியை மெதுவாகத் தண்ணீருக்குள் சாய்த்தேன். எல்லா இறாலும் போன பிறகு பம்பை நிறுத்தினேன்.