கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்ட டாக்டர் தமயந்தி

மறைமலைநகரைத் தாண்டி மின்சார ரயில் போய்க்கொண்டிருந்தபோது கன்னியம்மாள் தொலைபேசியில் அழைத்தாள். “டாக்டரம்மா பூட்டாங்கக்கா” என்றாள். டாக்டர் இறந்த செய்தி அப்படித்தான் எனக்கு வந்தது.

செங்கல்பட்டில் டாக்டர் தமயந்தி நடத்திய குழந்தைகள் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவளாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுவில், மாமல்லபுரம் பக்கத்துக் கல்குவாரியிலிருந்து கன்னியம்மாள் தன் மகள் தேவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏழு வயதுக் குழந்தை பார்ப்பதற்கு நான்கு வயதுபோல இருந்தாள். காலையில் சொல்லிக்கொடுத்தது மதியம் நினைவில் நிற்காது. “மாசமா இருந்தப்ப குடிச்சியாம்மா?” என்று டாக்டர் தணிந்த குரலில் கேட்டார்.

“ஒடம்பு நோவுக்குக் குட்ச்சேம்மா. அங்க எல்லாரும் குட்ச்சிகினுதான் இருந்தோம். தப்புன்னு யாரும் சொல்லல.”

கருவில் மூளை செல்கள் உருவாகித் தத்தம் இடத்துக்கு நகரும் காலத்தில், சாராயம் சிலவற்றைக் கொன்றிருக்கும், சிலவற்றை வழியிலேயே நிறுத்தியிருக்கும் என்று டாக்டர் விளக்கினார். போனது திரும்பாது, இருப்பதைப் பழக்கலாம் என்றார். கன்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். “உனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லல. அழ வேண்டியது அவங்க.”

அந்தக் கேள்வியை அவர் எல்லாத் தாய்மாரிடமும் கேட்டார். அணுமின் நிலைய ஊழியர்கள் குடியிருக்கும் அணுபுரத்திலிருந்து காரில் வந்தவர்கள் சிலர் முகம் சிவந்து எழுந்து போனார்கள். கணவரை வெளியே அனுப்பிய பிறகு, ஆமாம் என்று தலையசைத்தவர்களும் உண்டு.

கர்ப்பிணிகளிடம் தொடக்கத்திலேயே இதைக் கேட்டு எச்சரிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கூட்டமொன்றில் பேசினார். மேடையிலிருந்த பெரியவர் சிரித்தார். “அது வெளிநாட்டு வியாதிம்மா. நம்ம பொண்ணுங்க குடிக்க மாட்டாங்க.”

“அதை நீங்க சொல்லக்கூடாது சார், அவங்க சொல்லணும்” என்றார் டாக்டர். அரங்கமும் சிரித்தது. மறுநாள் காலையும், வந்த முதல் தாயிடம் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அதைவிடக் கசப்பானது பிறகு நடந்தது. மகளின் நிலைக்கு என்ன காரணம் என்று கன்னியம்மாள் கணவனிடம் சொல்லிவிட்டாள். அவன் அவளை அடித்து வீட்டைவிட்டுத் துரத்தினான். டாக்டர் அவனை வரவழைத்தார். “அவளுக்கு வாங்கிக் குடுத்தது யாரு?”

“நாந்தான் வாங்கியாந்தேன், இன்னா இப்போ? குட்ச்சது அவதானே?”

அவன் சொன்னதையும் ஊர் ஏற்றுக்கொண்டது. பெண்கள் குடிக்கவே மாட்டார்கள் என்றவர்கள், குடித்தவள் ஒருத்தி கிடைத்ததும் எல்லாப் பழியையும் அவள் தலையில் கட்டினார்கள். “நான் உண்மையைச் சொன்னேன். அடி வாங்கினது அவ” என்று டாக்டர் அன்று சொன்னார். கன்னியம்மாளுக்கு மருத்துவமனையிலேயே வேலை கொடுத்தார். தேவி தன் பெயரைச் சொல்லவும், தனியாகச் சாப்பிடவும், கடைக்குப் போய்த் திரும்பவும் கற்றாள். அதற்கே பல வருடம் ஆனது.

இரங்கல் கூட்டத்துக்கு அதே பெரியவர்தான் தலைமை. ‘தாய்மையின் காவலர்’ என்று டாக்டரைப் புகழ்ந்தார். டாக்டர் அன்று எதைக் கேட்டார் என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசி வரிசையில் கன்னியம்மாள் மகளோடு நின்றிருந்தாள். உட்காரச் சொல்ல ஆளில்லை.

அவரை அறிந்தவர்களே, அவருடைய பொறுமையையும் கருணையையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவருடைய கோபம் போதும். அது ஆறிவிடாமல் பார்த்துக்கொள்வேன்.