இன்குபேட்டருக்கும் ஆயுத பூஜை

நான் பத்தாவது வரை படித்தவள். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது என் வேலை. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்கு வியர்த்துவிடும். கிருமிகளோடு அந்தத் தொல்லை இல்லை.

பொன்னமராவதியிலிருந்து ஒரு மாணவி ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்தாள். கிருமிக்கும் சுவர் உண்டு, அதைக் கட்டும் என்சைம்கள் குடும்பம் குடும்பமாக இருக்கின்றன என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு குடும்பம் சர்க்கரையைச் சரம் சரமாகக் கோக்குமாம். இன்னொன்று சரங்களைக் குறுக்கே பிணைக்குமாம். பென்சிலின் மடக்குவது இந்தப் பிணைக்கிற கையைத்தான். இரண்டு வேலையையும் தானே பார்க்கிற என்சைம்களும் உண்டாம். எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒன்று மாட்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அவள் வைத்திருந்த கிருமியில் ஒரு என்சைம் மட்டும் பழுது. சாதாரணச் சூட்டில் அது சுவர் கட்டும். நாற்பத்திரண்டு டிகிரியில் கைவிட்டுவிடும். கிருமி வெடித்துச் சாகும். அது சாவதைக் காட்டிவிட்டால் அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முடிந்துவிடும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில், சூடு மாறாமல் காக்கிற இன்குபேட்டரில் கிருமி தடவிய பிளேட்டுகளை வைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

மதியம் நாங்கள் பூஜை போட்டோம். எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், பூ. பூஜையில் வைத்த சாமானை அன்று வேலை வாங்கக் கூடாது. பிரிட்ஜை மட்டும் அணைக்காதே என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இன்குபேட்டரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அணைத்தேன். லீவு முடிந்த காலையில் முதல் ஆளாக வந்து, சூடம் காட்டி, திரும்பப் போட்டேன். அவள் வந்தபோது பெட்டி ஒழுங்காக நாற்பத்திரண்டு காட்டியது.

“சார்! சாகல சார்!” என்று கத்தினாள்.

பிளேட் நிறையக் கிருமி. பேராசிரியர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “நாப்பத்திரெண்டுலயும் சுவர் கட்டியிருக்கே! அப்ப வேற ஏதோ என்சைம் இந்த வேலைய எடுத்துச் செஞ்சிருக்கும்மா. இத இதுவரைக்கும் யாருமே சொல்லல.”

பெட்டியை நான் அணைத்து வைத்திருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாலையில் மைசூர்பாகு வந்தது. யாரும் கண்டுபிடிக்காத அந்த என்சைம், கையில் ஒரு துண்டோடு மூலையில் நின்றது.

சென்னையில் ஒரு கருத்தரங்கு. கட்டுரைச் சுருக்கம் அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள். “மொதல்ல அனுப்பிருவோம், அப்பறம் இன்னொரு தடவ செஞ்சு பாப்போம்” என்றார் பேராசிரியர். அவள் ராப்பகலாக எழுதினாள். அங்கே யாராவது இதையே செய்து பார்த்தால் அவள் பேர் என்னாகும்? வியாழக்கிழமை வரை வாயைத் திறக்க முடியவில்லை. அன்று அவளாகவே கழுவுமிடத்துக்கு வந்தாள்.

“பாப்பா, அந்தப் பெட்டிய பூசைக்கு அமத்திட்டேன்.”

“எம்புட்டு நேரம்?”

“லீவு முடியிற வரைக்கும்.”

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “ஏங்க்கா, மைசூர்பாகு திங்கிறப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“ரெண்டு துண்டு தின்னுட்டேன். அதுக்கப்பறம் எப்புடிச் சொல்றது?”

சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வேற யாருகிட்டயும் சொல்லலயே?”

“இல்ல.”

நான் சொல்லவும் மாட்டேன் என்பது இருவருக்கும் தெரியும். நான் நாலு குடுவைகளைக் கழுவி முடிக்கும் வரை அவள் ஸ்டூலைவிட்டு எழவில்லை. பிறகு எழுந்து போய் பிரிட்ஜைத் திறந்து கிருமியை எடுத்தாள். “இன்னைக்கே திரும்ப வைக்கிறேன். நாளைக்கு வரைக்கும் அங்கிட்டுப் போயிராதீங்கக்கா.”

வெள்ளிக்கிழமை காலை பிளேட் வெறுமையாக இருந்தது. அவளே பேராசிரியரிடம் எடுத்துப் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கண்டுபிடிப்பைப் பற்றிச் சென்னையில் இருக்கும் தன்னுடைய பழைய குருவுக்கு அவர் ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தார். மறுபடி போன் போட்டார். முழுக்க ஆங்கிலம். எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: பவர்கட். அத்தனை நாள் தைரியம் சேர்த்துச் சொன்ன உண்மை, கரண்டு போனதாகச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது.

கட்டுரைச் சுருக்கம் போகவில்லை. சுவர் கட்டும் அந்த என்சைம் இல்லாவிட்டால் கிருமி சாகும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருப்பதையே அவளும் எழுத வேண்டியதாயிற்று.

“படம் எடுக்கணும், கொஞ்சம் பிடிங்கக்கா” என்றாள். விரல் படத்தில் விழாதபடி, ஒன்றுமே இல்லாத பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன்.