ஓரம் காட்டாத கண்ணாடி

என் வீட்டுச் சாப்பாட்டு அறை அலுமாரியில், நல்ல நாள் பெருநாளுக்கு மட்டும் வெளியே வரும் பீங்கான் கோப்பைகளுக்குப் பின்னால், ஒரு பழைய சால்வையில் சுற்றி ஒரு ஸ்கோப் இருக்கிறது. துவக்கின் மேல் பூட்டிக் குறி பார்க்கும் கண்ணாடிக் குழாய். கறுப்பு உலோகம், ஒரு சாணை விடக் கொஞ்சம் நீளம், கையில் எடுத்தால் நினைத்ததை விடப் பாரம். துவக்கு என்னிடம் இல்லை, ஒருநாளும் இருந்ததும் இல்லை. கோப்பை எடுக்க உதவி செய்கிறேன் என்று வந்த விருந்தாளிகள் யாராவது அதைக் கண்டுவிட்டால் அவர்கள் முகம் ஒரு மாதிரிப் போய்விடும். எங்கள் ஆட்களுக்குத் துவக்கோடு சம்பந்தப்பட்ட எதைக் கண்டாலும் அப்படித்தான். இது அண்ணையின் சாமான் என்று மட்டும் சொல்லிவிட்டு நான் தேத்தண்ணி போடப் போய்விடுவேன். மிச்சத்தைச் சொல்லத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிவிடும்.

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், என் கூடப்பிறந்த அண்ணை மரக்கறிக் கடை வைத்திருந்தார். கடையை விட அவருடைய குணம் பிரசித்தம். சந்தையில் வெண்டிக்காய்ப் பெட்டியின் மேல் தட்டைப் பார்த்து வாங்குகிற ஆள் இல்லை அவர். அடியில் கையை விட்டு ஒன்றை இழுத்தெடுத்து நுனியை ஒடிப்பார். சத்தத்தோடு ஒடியாவிட்டால் பெட்டி அங்கேயே கிடக்கும். முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பார், தேங்காயைக் காதுக்குக் கிட்டப் பிடித்துக் குலுக்குவார். இதையே தன் கடையில் ஒரு வாடிக்கையாளர் செய்தால் மட்டும் கண்ணை உருட்டுவார். பெண் பார்க்க வந்த அன்றும் வடையைப் பிய்த்து உள்ளே வெந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தன்னைப் பார்த்தவர் என்று அண்ணி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். அண்ணை அதை மறுத்ததில்லை. வடை வேகவில்லை என்பதுதான் அவருடைய பதில்.

அப்படிப்பட்டவருக்கு வேட்டை வந்தது அவருடைய பழைய பத்ரோனால். பிரான்சுக்கு வந்த புதிதில் அண்ணை கோப்பை கழுவிய உணவகத்தின் முதலாளி அவர். ஓய்வெடுத்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போனபின், இலையுதிர் காலத்தில் அங்கே பன்றி கலைப்பதற்கு வா என்று அண்ணையைக் கூப்பிட்டார். அந்த ஊரில் காட்டுப்பன்றி சோளக்காட்டை உழுது தள்ளிவிடும். ஒரு பகுதி ஆட்கள் தடியால் தட்டிச் சத்தம் போட்டுப் பன்றியைக் காட்டிலிருந்து கலைப்பார்கள். இன்னொரு பகுதியினர் காட்டோரத்தில் வரிசையாகத் துவக்கோடு நிற்பார்கள். அண்ணை எங்கள் நாட்டில் இளந்தாரியாக வன்னியில் வயல் செய்தபோது பன்றிக்குக் காவல் இருந்தவர். அவருக்கு அந்த மண் மணமும் ஈரமும் பிடித்துவிட்டன. இரண்டு மூன்று வருடம் தடியோடு போனவர், பிறகு பிரெஞ்சில் பரீட்சை எழுதி வேட்டைக்கான அனுமதிப் பத்திரமான பெர்மியும் எடுத்தார். வாகனம் ஓட்டும் பெர்மி எடுத்தபோது கூட அவர் அப்படிச் சிரித்ததை நான் காணவில்லை.

துவக்கு வீட்டுக்கு வந்த அன்று அண்ணி அடுப்பை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்றார்.

“அங்கை துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்சை அதைக் காசு குடுத்து வாங்கிறியளோ?”

அண்ணை துவக்கை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கைகழுவிச் சாப்பிட இருந்தார். பதிலை என்னிடம்தான் சொன்னார், ஒருநாள் தன் வான் வண்டியில் சந்தைக்குப் போகும்போது. “அங்கை துவக்கைக் கண்டா எந்தப் பக்கம் ஓடுறது எண்டுதானே பாத்தனாங்கள். அந்தக் காட்டிலை நான் அதோடை நிக்கிறன், பக்கத்திலை நிக்கிறவன் எனக்குக் கோப்பி ஊத்தித் தாறான். ஒருத்தரும் ஓடேல்லை. நானும் ஓடேல்லை.” அவ்வளவுதான் சொன்னார். அந்த வரிசையில் நிற்பது அவருக்கு எவ்வளவு பெரிய விடயம் என்று அன்றுதான் எனக்குப் பிடிபட்டது.

அந்த வரிசைக்குத்தான் பங்கம் வந்தது. வேட்டையில் ஒவ்வொருவரும் தங்களுக்கு இரண்டு பக்கமும் தடி நட்டு வைப்பார்கள். அந்தத் தடிக்கு அப்பால் பக்கத்து ஆள் நிற்கிறார், அந்தப் பக்கம் துவக்குத் திரும்பவே கூடாது. ஒரு பனிக்காலக் காலையில் அண்ணை ஸ்கோப்புக்குள் பன்றியைப் பின்தொடர்ந்து திரும்பிக்கொண்டே போய், துவக்கைத் தடிக்கு அப்பால் திருப்பிவிட்டார். அப்பால் நின்றவர் பத்ரோன். அவர் போட்ட சத்தத்தில் அண்ணை துவக்கை நிலத்தை நோக்கி இறக்கினார். துவக்கு வெடிக்கவில்லை, ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. வேட்டைத் தலைவர் தனியே கூப்பிட்டு, இதற்கு ஒரு வழி செய்துகொண்டு அடுத்த பருவம் வாருங்கள், இல்லாவிட்டால் வரிசையில் இடம் தருவது கஷ்டம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். அண்ணை வீட்டுக்கு வந்து அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. பத்ரோனின் முகம் குழாய்க்குள் தெரியவில்லை, தெரியவேயில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிறகு தானே காரணத்தைக் கண்டுபிடித்தார். பிழை ஸ்கோப்பில். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணைக் குழாய்க்குக் கிட்டக் கொண்டுபோனால் பக்கத்தில் நிற்பவன் எப்படித் தெரிவான் என்று கேட்டார். கேட்டவர்கள் எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. தேடித் தேடி அவர் வந்து சேர்ந்த இடம் ஸ்கவுட் றைபிள். குட்டையானது, இலேசானது, ஒவ்வொரு வெடிக்கும் பூட்டுத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அதன் விசேஷம் ஸ்கோப் இருக்கும் இடம். கண்ணுக்குக் கிட்ட இல்லாமல் ஒரு சாண் தள்ளி, முன்னால் குழலின் மேல் பூட்டுவார்கள். இரண்டு கண்ணையும் திறந்தபடி பார்க்கலாம். நடுவில் சின்னதாகக் குறி தெரியும், சுற்றிவர உலகம் அப்படியே தெரியும். சுற்றிவர உலகம் அப்படியே தெரியும் என்பதை அண்ணை சாமி வரம் கிடைத்தது போலச் சொன்னார். பழைய துவக்கைக் கொடுத்துவிட்டு இதை வாங்கினார்.

துவக்கு வந்தாயிற்று, அதற்கேற்ற கண்ணாடிதான் அமையவில்லை. முதலில் பூட்டியது பெருப்பிக்காத, சிவப்புப் புள்ளி மட்டும் காட்டுகிற ஒன்று. புள்ளி நல்லது, பக்கம் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்தது கொஞ்சம் பெருப்பித்துக் காட்டும் ஸ்கோப். குழாய் தடிப்பு, ஓரத்தை மறைக்கிறது என்றார். மூன்றாவதாக மெல்லிய குழாயோடு, நல்ல விலையில் வந்ததுதான் இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. துவக்கை லா சப்பலுக்குக் கொண்டுவர முடியாது, கொண்டுவந்தால் தெருவே காலியாகிவிடும். அதனால் கடையின் பின் அறையில் நிலம் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து, கண்ணிலிருந்து சரியாக ஒரு சாண் தள்ளி ஸ்கோப்பைச் சணல் கயிற்றால் கட்டினார். பிறகு அந்தத் தும்புத்தடியைத் தோளில் வைத்து, தொங்குகிற வாழைக்குலையைக் குறி பார்ப்பார். கறிவேப்பிலை கேட்டு வந்த ஆட்கள் கடைக்காரர் தும்புத்தடியால் வாழைக்குலையைக் கலைக்கிறார் என்று சொல்லிச் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஸ்கோப்பின் நுனியையும் ஒடித்துப் பாருங்கோ அண்ணை என்று நான் பகிடி விட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “பகிடி இல்லையடா. நடுவிலை கண்ணாடி மாதிரித் தெளிவு. ஓரம்தான் இல்லை. கறுப்பெண்டும் சொல்லேலாது. அதிலை ஒண்டுமே இல்லை.”

அந்த நாட்களில் வேறொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. லா சப்பலில் நடந்து போனால் கடைவாசல்களில் நிற்கும் தெரிந்தவர்களுக்கெல்லாம் தலையாட்ட வேண்டும். அது அங்கே எழுதாத சட்டம். அண்ணை தலையாட்டாமல் போகிறார் என்று முறைப்பாடு வந்தது. பக்கத்தில் நின்று வணக்கம் சொன்னாலும் திரும்பிப் பார்க்கிறார் இல்லை, கடை கொஞ்சம் ஓடத் தொடங்கியதும் தலைக்கனம் வந்துவிட்டது, வெள்ளைக்காரனோடு வேட்டைக்குப் போகிற ஆளல்லவா என்றார்கள். தங்கள் மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியச் சடங்குக்கு அவரைக் கூப்பிடாமல் விட்டவர்களும் உண்டு. கடைக்குள் தன் சொந்த வெங்காய மூட்டையில் அவர் தடக்குப்பட்டதை அண்ணி வயசு போகுது என்று கணக்கில் எடுத்தார். எல்லாவற்றுக்கும் எங்களிடம் காரணம் தயாராக இருந்தது. அவர் நுணுக்கம் பார்க்கிற ஆள், அவருக்குக் கடை வைத்த திமிர், அவருக்கு வயசு. இந்தக் காரணங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாவது ஸ்கோப்பையும் திருப்பிக் கொடுக்கப் போன அன்று என்னையும் கூட்டிப்போனார். ஓரம் இல்லை என்பதைப் பிரெஞ்சில் விளக்கமாகச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. பாரிசுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் அந்தத் துவக்குக் கடை இருந்தது. நடத்தியவர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஸ்கோப்பைத் தானே ஒரு துவக்கில் வைத்துப் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். வாசலுக்கு வெளியே மரம், அதன் பக்கத்தில் சைக்கிள், மற்றப் பக்கத்தில் ஒரு குப்பைத் தொட்டி. குறியைப் பார்த்தபடியே எல்லாம் எனக்குத் தெரிந்தன. சைக்கிள் தெரிகிறதே அண்ணை என்றேன். எந்தச் சைக்கிள் என்று கேட்டார்.

அந்தப் பெண்மணி துவக்கை மேசையில் வைத்துவிட்டு அண்ணைக்கு நேர் எதிரே வந்து நின்றார். தன் மூக்கை மட்டும் பார்க்கச் சொன்னார். பிறகு இரண்டு கையையும் பக்கவாட்டில் அகல விரித்து, விரல்களை அசைத்தபடி மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவந்தார். விரல் தெரியும்போது சொல்லுங்கள் என்றார். அண்ணை மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். கைகள் வந்துகொண்டே இருந்தன. தோளைத் தாண்டின. பெண்மணியின் காதுத் தோட்டைத் தொடும் அளவுக்கு விரல்கள் வந்தபின்தான் அண்ணை “இப்ப” என்றார், அதையும் தமிழில் சொன்னார். பெண்மணி கைகளை இறக்கினார். ஸ்கோப்பில் குறை இல்லை, விருப்பமென்றால் பணத்தைத் திருப்பித் தருகிறேன், ஆனால் முதலில் ஒரு கண் வைத்தியரிடம் போங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம் என்றார். இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, அண்ணையைத்தான் பார்த்தார். அந்த மரியாதைக்காக நான் அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

அண்ணை ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. துவக்கை மட்டும் பிறகு அதே கடை எடுத்துக்கொண்டது. வெளியே வந்து வானுக்குப் பக்கத்தில் நின்றவர், சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அந்த வானை அவர் ஒருவரையும் தொட விட்டதில்லை. கியரைக் கடிக்க வைத்துவிடுவாய் என்று எனக்கு எத்தனையோ தரம் மறுத்தவர். சுற்றிப் போய் மற்றப் பக்கக் கதவைத் தடவித் திறந்து ஏறி இருந்தார். வழி முழுக்க நான் அழுதுகொண்டு ஓட்டினேன். அது அவருக்குத் தெரிந்திருக்காது, நான் அவருக்குப் பக்கவாட்டில் அல்லவா இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் கண்ணில் அழுத்தம் என்றார்கள். நோவு இல்லாமல், சத்தம் இல்லாமல் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருமாம். ஒரு கண் விட்டதை மற்றக் கண் கொஞ்சக் காலம் மூடி மறைக்குமாம், அதனால் ஆளுக்கே தெரியாதாம். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று துளிமருந்து கொடுத்தார்கள். இது இரத்தத்தில் வருகிற வருத்தம், கூடப் பிறந்தவர்கள் வருடா வருடம் கண்ணைக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். அண்ணையின் காதில் மற்ற எல்லாவற்றையும் விட இந்தக் கடைசி வசனம்தான் விழுந்தது. கடையின் பின் அறையிலிருந்து ஸ்கோப்பை எடுத்துவந்து என்னிடம் தந்து, “இதிலை பிழை இல்லையடா. நீ வைச்சிரு, ஓரம் தெரியுதோ எண்டு இடைக்கிடை பார்” என்றார்.

காப்பாற்றியது கொஞ்சம்தான். கடை கைமாறிவிட்டது. அண்ணை இப்போது பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் வீட்டுக்குள்தான் இருக்கிறார். நேரே பார்த்தால் ஒரு முகத்தின் பாதி தெரிகிறது. கோயிலுக்கு என்று லா சப்பலுக்குக் கூட்டிவரும் நாட்களில் என் தோளில் கைவைத்து நடப்பார். அவருக்கும் சேர்த்து இரண்டு பக்கமும் நான் தலையாட்டிக்கொண்டு போவேன். பத்ரோன் ஒவ்வொரு பருவத்திலும் தொலைபேசி எடுத்து எத்தனை பன்றி விழுந்தது என்று சொல்கிறார். அண்ணை வரிசையில் யார் யார் நின்றது என்று ஒவ்வொருவராகக் கேட்பார். 

வருடத்தில் ஒருமுறை, நான் கண் வைத்தியரிடம் போய்வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர் என்னைத் தானும் சோதிப்பார். வைத்தியர் சொன்னதைக் கேட்டு மட்டும் நம்புகிற ஆளா அவர். என்னை எதிரே நிற்பாட்டி, மூக்கைப் பார் என்பார். அந்தப் பெண்மணி செய்தது போலவே இரண்டு கையையும் விரித்து விரலை அசைத்து உள்ளே கொண்டுவருவார். தன் விரல் தனக்கே தெரியாத மனிசன். கைகளைக் கொண்டுவரத் தொடங்கியவுடனேயே நான் இப்ப என்று சொல்வேன். அவர் முகம் மலர்ந்துவிடும். “அந்தக் கண்ணாடி வாங்கினது உன்ரை கண்ணுக்குத்தான்” என்று சொல்லி அண்ணியைத் தேத்தண்ணி போடச் சொல்வார். இழந்ததில் அவர் மிச்சமாக எடுத்துவைத்திருக்கும் ஒரே லாபம் அது.

இந்த வருடம் வைத்தியர், எனக்கு இடது ஓரத்தில் தொடங்கிவிட்டது என்றார். ஆரம்பம்தான், மருந்து விட்டால் மெதுவாகத்தான் போகும் என்று ஆறுதலும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அண்ணைக்கு எதிரே நின்றேன். அவர் கைகளை விரித்தார். என் வலது பக்கம் விரல் ஆடுவது தெரிந்தது. இடப்பக்கம் இன்னும் ஒன்றும் வரவில்லை. நான் அவர் மூக்கைப் பார்த்தபடி, “இப்ப அண்ணை, ரெண்டும் தெரியுது” என்றேன்.

அவர் சிரித்தார், அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்தார். வீட்டுக்கு வந்ததும் சட்டைப்பையில் இருந்த துளிமருந்துப் போத்தலை எடுத்தேன். அண்ணி வந்து போகிற வீடு, கண்ணில் படும் இடத்தில் வைக்க முடியாது. பீங்கான் கோப்பைகளை நகர்த்தி, சால்வையை அவிழ்த்து, போத்தலை அந்த ஸ்கோப்போடு சேர்த்துச் சுற்றி வைத்தேன்.